புயலுக்குப் பின்னும் ஊருக்கு மின்சாரம்: பொதுக்கட்டடத்தில் சூரிய அமைப்பு நிறுவ ஒரு வழிகாட்டி

2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த கஜா புயல், நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்துவிட்டுப் போனது. உள்ளடங்கிய கிராமங்கள் பலவற்றுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆயிற்று. ஆழ்குழாய்க் கிணற்றில் நீர் இருந்தும் அதை மேலே ஏற்ற மோட்டார் ஓடவில்லை. ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்துத்தான் பல ஊர்கள் குடிநீர்த் தொட்டியை நிரப்பிக்கொண்டன. வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கு உயிரோடிருக்கிறோம் என்று சொல்வதற்குக் கூடக் கைப்பேசியில் சார்ஜ் இல்லை. இத்தனைக்கும் நடுவே வெயில் மட்டும் ஓரிரு நாட்களிலேயே திரும்பிவிட்டது.

அந்த வெயிலைப் பயன்படுத்திக்கொள்ள ஓர் ஊர் எப்படி முன்கூட்டியே ஆயத்தமாகலாம் என்பதை, மின்சாரத் துறையில் பழக்கமில்லாத ஊராட்சி உறுப்பினர்கள், மகளிர் சுயஉதவிக் குழுவினர், இளைஞர் மன்றத்தினர் ஆகியோருக்காக இங்கே எழுதுகிறேன். ஊர் முழுவதற்கும் மின்சாரம் தருவது பெரிய வேலை. அதற்கு முன்னால், இருநூறு முந்நூறு பேர் ஒதுங்கக்கூடிய ஒரே ஒரு பொதுக்கட்டடத்தைப் புயல் நாட்களில் தன் காலில் நிற்க வைப்பது எந்த ஊராலும் முடியக்கூடிய வேலை. அதற்காக நிறுவும் சூரிய மின் அமைப்பு சாதாரண நாட்களிலும் சும்மா இருப்பதில்லை. மூன்று கிலோவாட் சூரியத் தகடுகள் தமிழ்நாட்டு வெயிலில் ஆண்டுக்கு ஏறத்தாழ 4,000 யூனிட் தரும். நம் மின்தொகுப்பில் (கிரிட்) ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு வெளியாவதைக் கணக்கிட்டால், ஆண்டுக்கு மூன்று டன்னுக்கு அருகில் அந்த வாயு குறைகிறது.

தொடங்குவதற்கு முன் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று

கூரையில் சூரியத் தகடு இருந்தால் கரண்ட் போனாலும் வீட்டில் விளக்கு எரியும் என்றுதான் பெரும்பாலோர் நம்புகிறார்கள். மின்வாரியக் கம்பியோடு இணைந்து ஓடும் சாதாரண அமைப்பில் அது நடக்காது. வெளியிலிருந்து வரும் மின்சாரம் நின்ற கணமே அதன் இன்வெர்ட்டர் தானாக அணைந்துவிடும். நண்பகல் வெயில் அடித்தாலும் ஒரு விளக்குகூட எரியாது. இது குறைபாடு இல்லை, உயிர்காக்கும் ஏற்பாடு. அறுந்த கம்பியைச் சரிசெய்ய லைன்மேன் கம்பத்தில் ஏறியிருக்கும்போது, ஏதோ ஒரு கூரையிலிருந்து மின்சாரம் பின்னோக்கிப் பாய்ந்தால் அவர் உயிர் போய்விடும்.

ஆகவே, புயலுக்கென்று அமைப்பவர்கள் மின்வாரியத்தோடும் இணைந்து ஓடி, அது நின்றதும் வெளித்தொடர்பைத் துண்டித்துக்கொண்டு பேட்டரியையும் தகடுகளையும் வைத்துத் தனித்து இயங்கவல்ல ஹைப்ரிட் இன்வெர்ட்டரைக் கேட்டு வாங்க வேண்டும். மானியத்தோடு மலிவாகக் கிடைக்கிறது என்று பேட்டரியில்லாத அமைப்பை வாங்கி மாட்டிவிட்டு, புயலன்று ஏமாந்து நிற்பதைப் போன்ற வேதனை வேறில்லை. விலை விசாரிக்கும் முதல் நாளிலேயே “மின்வாரியச் சப்ளை இல்லாதபோது இது தனியாக ஓடுமா?” என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

முதல் படி: கட்டடத்தைத் தேர்ந்தெடுத்தல்

உறுதியான காங்கிரீட் தளம், நிழல் விழாத ஏறத்தாழ 30 சதுர மீட்டர் மொட்டைமாடி, வெள்ளம் ஏறாத தரைமட்டம், அருகிலேயே ஓர் ஆழ்குழாய்க் கிணறு ஆகிய நான்கும் இருக்கும் கட்டடமே ஏற்றது. ஆஸ்பெஸ்டாஸ் கூரையும் தகரக் கூரையும் புயல் பகுதிக்கு உதவா. காவிரிப் படுகையில் தென்னை நிழலை அலட்சியம் செய்யக்கூடாது. தொடராக இணைக்கப்பட்ட தகடுகளில் ஒன்றின்மேல் மட்டைநிழல் விழுந்தாலும் மொத்த உற்பத்தியும் சரியக்கூடும். காலை ஒன்பது மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் மாடியேறி, நிழல் எதுவரை விழுகிறது என்று சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டுப் பாருங்கள். சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும் மார்கழியில் நிழல் இன்னும் நீளும் என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

இவற்றைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. ஊரின் எல்லாக் குடியிருப்புகளிலிருந்தும் எல்லோரும் தயக்கமின்றி நுழையக்கூடிய கட்டடமாக அது இருக்க வேண்டும். ஒரு சாராருக்கு உரியதாகக் கருதப்படும் மண்டபத்தில் எவ்வளவு நல்ல அமைப்பை வைத்தாலும், தேவைப்படும் இரவில் ஊரின் மறுபாதி வெளியே நிற்கும். அரசுப் பள்ளி, ஊராட்சி அலுவலகம், அரசு கட்டிய புயல் பாதுகாப்பு மையம் ஆகியவற்றை முதலில் பாருங்கள். பள்ளியென்றால், ஆண்டு முழுவதும் பகலில் உண்டாகும் மின்சாரம் அங்கேயே பயன்பட்டுவிடும்.

இரண்டாம் படி: புயல் நாளின் தேவையைக் கணக்கிடுதல்

எத்தனை கிலோவாட் வேண்டும் என்று விற்பனையாளரிடம் கேட்பதற்கு முன்பாக, புயலுக்கு மறுநாள் அந்தக் கட்டடத்தில் எவையெல்லாம் எத்தனை மணி நேரம் ஓட வேண்டும் என்று ஊர் உட்கார்ந்து எழுத வேண்டும். இந்த ஒரு தாளில்தான் மொத்தத் திட்டமும் நிற்கிறது. கருவியின் வாட் அளவை மணி நேரத்தால் பெருக்கி 1,000 ஆல் வகுத்தால் யூனிட் கிடைக்கும். அதற்கு மேல் இதில் கணிதம் இல்லை.

முந்நூறு பேர் ஒதுங்கும் கட்டடத்தை எடுத்துக்கொள்வோம். 20 வாட் எல்இடி குழல்விளக்குகள் பத்து, ஆறு மணி நேரம் எரிந்தால் 1.2 யூனிட். குறைந்த மின்சாரத்தில் சுழலும் 30 வாட் பிஎல்டிசி வகை மின்விசிறிகள் எட்டு, பத்து மணி நேரம் சுழன்றால் 2.4 யூனிட். கைப்பேசிகள் அறுபதைச் சார்ஜ் ஏற்ற, ஒன்றுக்கு 15 வாட் மணி என்று வைத்தால், 0.9 யூனிட். இன்சுலின் போன்ற மருந்துகளுக்கான சிறிய குளிர்பெட்டிக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு யூனிட். ஒலிபெருக்கிக்கும் வானொலிக்கும் 0.2 யூனிட். இதுவரை 5.7 யூனிட் ஆகிறது.

அடுத்தது குடிநீர். பேரிடர் நிவாரணத்தில் உலகெங்கும் கையாளப்படும் குறைந்தபட்ச அளவு, குடிக்கவும் சமைக்கவும் கழுவவும் சேர்த்து ஒருவருக்கு நாளுக்கு 15 லிட்டர். முந்நூறு பேருக்கு 4,500 லிட்டர். நீர்மட்டம் மிக ஆழத்தில் இல்லாத கடலோர ஊர்களில் ஒரு குதிரைத்திறன் மோட்டார் இதை ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் ஏற்றிவிடும். அதற்கு 2 யூனிட். ஊரின் பெரிய மேல்நிலைத் தொட்டிக்கு நீர் ஏற்றும் ஐந்து, ஏழரை குதிரைத்திறன் மும்முனை மோட்டார்களை இந்த அளவு அமைப்பு தாங்காது என்பதை ஊராருக்கு முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். கட்டடத்துக்கென்று தனியாக ஒரு சிறிய மோட்டாரும் மாடியில் ஒரு தொட்டியும் வைத்துக்கொள்வதே வழி. மோட்டார் கிளம்பும் நொடியில் வழக்கத்தைப் போல நான்கைந்து மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும் என்பதால், இன்வெர்ட்டரின் திறன் 5 கேவிஏ (கிலோ வோல்ட் ஆம்பியர்) அளவில் இருப்பது நல்லது. மோட்டாரை மென்மையாகத் தொடங்கும் கருவியையும் சேர்த்துக்கொள்ளலாம்.

ஆக, நாளொன்றின் தேவை 7.7 யூனிட். இன்வெர்ட்டரிலும் பேட்டரியிலும் ஏற்படும் இழப்பைச் சேர்த்தால் 9 யூனிட்டைத் தாண்டும். தமிழ்நாட்டில் ஒரு கிலோவாட் தகடு தெளிந்த நாளில் சராசரியாக 4 யூனிட் தரும் என்பதால் மூன்று கிலோவாட் போதுமானது. ஆனால் புயலையொட்டிய கருமேக நாளில் அதே தகடுகள் இரண்டு மூன்று யூனிட்தான் தரும். அன்று எதை நிறுத்துவது என்பதையும் அதே தாளில் எழுதிவையுங்கள். மின்விசிறியைப் பாதியாக்கலாம், மோட்டாரை ஒரு மணி நேரத்தோடு நிறுத்தலாம், குளிர்பெட்டியை மட்டும் நிறுத்தக்கூடாது.

பழைய 75 வாட் மின்விசிறிகளை அப்படியே விட்டிருந்தால் இந்தக் கணக்கில் மின்விசிறிக்கு மட்டுமே 6 யூனிட் போயிருக்கும். ஆகவே, தகடுகள் வாங்குவதற்கு முன்பே விளக்கையும் விசிறியையும் மாற்றிவிடுங்கள். அங்கே செலவிடும் பணம் பேட்டரிச் செலவில் பல மடங்காகத் திரும்பும்.

மூன்றாம் படி: பேட்டரி

கணக்கில் வந்ததில் பெரும்பகுதி இரவுக்குரியது. விளக்கு, விசிறி, குளிர்பெட்டியின் பாதி நேரம் ஆகியவற்றைச் சேர்த்தால் ஓர் இரவுக்கு நாலரை யூனிட்டுக்குள் அடங்கும். வெயிலே இல்லாமல் இரண்டு இரவுகள் தாக்குப்பிடிக்க 9 யூனிட் சேமிப்பு வேண்டும். அதாவது 10 யூனிட் கொள்ளளவுள்ள லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி.

நீர் ஊற்றும் ஈய அமில பேட்டரி விலை குறைவு, உள்ளூரில் பழுது பார்க்கவும் ஆள் உண்டு. ஆனால் அதன் கொள்ளளவில் பாதிக்கு மேல் எடுத்தால் ஆயுள் விரைவாகக் குறையும் என்பதால் 9 யூனிட் பயன்படுத்த 18 யூனிட் வாங்க வேண்டியிருக்கும். மாதாமாதம் காய்ச்சி வடித்த நீர் ஊற்ற ஒருவர் மறந்தால் அதுவும் கெடும். பொதுக்கட்டடத்தில் அந்த மறதி எளிதில் நேரும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகையில் கொள்ளளவில் எண்பது தொண்ணூறு விழுக்காடு வரை எடுக்கலாம். 3,000 முறைக்கு மேல் ஏற்றி இறக்கலாம். மற்ற லித்தியம் வகைகளைவிடத் தீப்பற்றும் ஆபத்தும் குறைவு. பொது இடத்துக்கு இதையே பரிந்துரைப்பேன். பேட்டரி சேரும்போது மொத்தச் செலவு ஏறத்தாழ இருமடங்காகிவிடும் என்பதையும் மறைக்காமல் கிராம சபையில் சொல்லிவிட வேண்டும்.

நான்காம் படி: பணமும் அனுமதியும்

2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூர்ய கர் திட்டம், தனி வீடுகளுக்கு ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், இரண்டுக்கு 60,000 ரூபாய், மூன்றுக்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம் தருகிறது; குடியிருப்போர் நலச் சங்கங்களின் பொதுப் பயன்பாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய். பள்ளிக்கும் ஊராட்சிக் கட்டடத்துக்கும் இது பொருந்தாது. அவற்றுக்கு ஊராட்சியின் பொதுநிதி, மக்கள் பங்களிப்போடு நடக்கும் நமக்கு நாமே திட்டம், சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களின் தொகுதி மேம்பாட்டு நிதி ஆகிய வழிகள் உண்டு. எந்த வழியானாலும் கிராம சபைத் தீர்மானம் கையில் இருந்தால் பேச்சு எளிதாகும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் சபை கூடும். முன்பு எழுதிய தேவைத் தாளைத் தீர்மானத்தோடு இணைத்துக் கொடுங்கள். உபரி மின்சாரத்தை மின்வாரியத்துக்கு அனுப்பும் விதிகள் இணைப்பின் வகைக்கேற்ப மாறுவதால், உங்கள் பிரிவு அலுவலகத்தில் உதவிப் பொறியாளரை நேரில் பார்த்துக் கேட்டுவிட்டு விண்ணப்பியுங்கள்.

ஊராட்சிக்கு இவ்வளவு பெரிய வேலை சாத்தியமா என்று தயங்குவோருக்கு, மேட்டுப்பாளையத்தை அடுத்த ஓடந்துறை ஊராட்சியை நினைவூட்டலாம். ஆர். சண்முகம் தலைவராக இருந்த காலத்தில், 2006இல், ஊராட்சியின் சேமிப்போடு வங்கிக் கடனையும் சேர்த்து 1.55 கோடி ரூபாயில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை அது சொந்தமாக வாங்கியது. அந்த மின்சாரத்தின் வருமானத்திலிருந்தே கடனையும் அடைத்தது. நாம் பேசும் அமைப்பு அதில் நூறில் ஒரு பங்குகூட இல்லை.

ஐந்தாம் படி: நிறுவும்போது நேரில் பார்க்க வேண்டியவை

புயல் பகுதியில் தகட்டைவிட அதைத் தாங்கும் சட்டகமே முக்கியம். இந்தியத் தரநிலை சென்னைக் கடற்கரைக்கு நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர், அடிப்படைக் காற்றுவேகம் என்று வகுத்திருக்கிறது. உங்கள் பகுதிக்குரிய வேகத்தைத் தாங்குமாறு சட்டகம் வடிவமைக்கப்பட்டது என்று பொறியாளரின் கையொப்பத்தோடு தாள் கேளுங்கள். தகடுகள் தெற்கு நோக்கி 10 பாகை அளவில் தாழச் சாய்ந்திருந்தால் போதும். நம் நிலநடுக்கோட்டு அண்மைக்கு அதுவே ஏற்றது, காற்றும் அடியில் புகுந்து அவ்வளவாகத் தூக்காது. மாடியின் விளிம்புகளில்தான் காற்றின் தூக்குவிசை மிகும் என்பதால் கைப்பிடிச் சுவரிலிருந்து தள்ளி அமைக்கச் சொல்லுங்கள். கால்கள் வெறுமனே காங்கிரீட் கட்டைகளின் எடையில் நிற்காமல் தளத்தோடு போல்ட் போட்டுப் பிணைக்கப்பட வேண்டும். துளையிட்ட இடங்களில் நீர்க்கசிவு அடைக்கப்பட வேண்டும். கடற்காற்றில் சாதாரண இரும்பு சில ஆண்டுகளில் அரித்துவிடும். சட்டகம் உருக்கிய துத்தநாகத்தில் முக்கிப் பூசப்பட்டதாகவும், போல்ட்டுகள் துருப்பிடிக்காத எஃகாகவும் இருக்கட்டும்.

இன்வெர்ட்டரும் பேட்டரியும் ஊர் இதுவரை கண்ட மிக உயர்ந்த வெள்ளத்தின் மட்டத்துக்கு மேலே, காற்றோட்டமுள்ள பூட்டிய அறையில் இருக்க வேண்டும். வெள்ளம் எதுவரை வந்தது என்பதை ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுச் சுவரில் குறித்துவிட்டு அதற்கு மேல் இடம் ஒதுக்குங்கள். தகடுகளுக்கும் கருவிகளுக்கும் இடிதாங்கிக்கும் தனித்தனி எர்த் குழிகள் தேவை. புயல் நாளில் ஓட வேண்டியவற்றை மட்டும் தனிச் சுற்றாக வயரிங் செய்து, அதன் சுவிட்சுகளுக்கு வேறு நிறம் கொடுங்கள். யாரோ ஒருவர் இஸ்திரிப் பெட்டியைச் செருகி இரவின் மின்சாரத்தைத் தீர்ப்பதை இது தடுக்கும். ஜெனரேட்டரையும் இணைக்க எண்ணினால், அது ஒருபோதும் மின்வாரியக் கம்பியோடு சேராதபடி, ஒரு நேரத்தில் ஒரு சப்ளையை மட்டும் இணைக்கும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் கட்டாயம். ஜெனரேட்டரின் புகையில் நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு இருப்பதால், மழையென்று அதைக் கட்டடத்துக்குள் வைத்து ஓட்டவே கூடாது.

ஆறாம் படி: பொறுப்பாளர்களும் நிதியும்

பெரும்பாலான பொதுச் சூரிய அமைப்புகள் கெடுவது கருவிக் கோளாறால் இல்லை. பீகாரின் தர்னை கிராமத்தில் 2014இல் 100 கிலோவாட் அளவில் அமைந்த சிறு மின்தொகுப்பு நாடெங்கும் பேசப்பட்டது. பின்னர் மலிவான அரசு மின்சாரம் ஊருக்கு வந்தது, பேட்டரிகள் ஓய்ந்தன, மாற்றுவதற்குப் பணமும் பொறுப்பும் யாரிடமும் இல்லாமல் சில ஆண்டுகளில் அது நின்றுபோனது. நிறுவும் நாளிலேயே பேட்டரியை மாற்றப் போகும் நாளுக்கான உண்டியலைத் திறக்க வேண்டும் என்பதே அதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம். மின்கட்டணத்தில் மிச்சமாகும் தொகையை மாதந்தோறும் தனி வங்கிக் கணக்கில் போட்டு, ஊராட்சியும் மகளிர் குழுவும் கூட்டாகக் கையொப்பமிட்டால்தான் எடுக்க முடியும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பொறுப்புக்குக் குறைந்தது மூன்று பேர் வேண்டும்; அவர்களில் ஒருவராவது ஊரிலேயே எப்போதும் இருக்கும் பெண்ணாக இருக்கட்டும். வேலைக்கு வெளியூர் போகும் இளைஞரிடம் மட்டும் சாவி இருந்தால் தேவையான நாளில் கதவு திறக்காது. நிறுவுபவர் கிளம்புவதற்கு முன், அணைத்து மீண்டும் இயக்கும் முறையை இந்த மூவரும் தங்கள் கையாலேயே செய்து காட்ட வேண்டும். இருவாரத்துக்கு ஒருமுறை, தகடு சூடேறாத காலை வேளையில், வெறும் நீரும் மென்துணியும் கொண்டு துடைத்தால் போதும். பறவை எச்சத்தை உடனே கழுவிவிடுங்கள். போல்ட்டுகளை ஆண்டுக்கொரு முறை இறுக்கிப் பார்க்க வேண்டும்.

பொறுப்பாளர்கள் மறக்கக்கூடாத ஓர் எச்சரிக்கையும் உண்டு. வெளிச்சம் இருக்கும்வரை தகட்டில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். தொடராக இணைத்த ஆறு தகடுகளின் கம்பியில் ஏறத்தாழ 300 வோல்ட் நேர்மின்சாரம் (டிசி) நிற்கும். இன்வெர்ட்டரை அணைத்ததால் மாடியில் உள்ள கம்பி உயிரற்றதாகிவிடாது. அங்கே பழுது பார்ப்பது பயிற்சி பெற்றவரின் வேலை.

அமெரிக்காவுக்கு உட்பட்ட கரீபியன் தீவான போர்ட்டோ ரிக்கோவின் மலைநகரம் அட்ஹுன்டாஸில் காசா புவெப்லோ என்னும் மக்கள் அமைப்பு, 1999 முதலே தன் கட்டடத்தைச் சூரிய மின்சாரத்தில் நடத்திவந்தது. 2017 செப்டம்பரில் மரியா சூறாவளி அந்தத் தீவின் மின்தொகுப்பையே வீழ்த்தியபோது, மருத்துவக் கருவி தேவைப்பட்டோரும் செய்தி அனுப்ப வேண்டியோரும் அந்தக் கட்டடத்தைத் தேடி வந்தார்கள். அது சட்டென்று பயன்பட்டதற்குக் காரணம், பல ஆண்டுகளாக அன்றாடம் கையாளப்பட்டு வந்ததுதான். உங்கள் கட்டடத்திலும் அமைப்பு தினமும் ஓட வேண்டும். புயலுக்கென்று பூட்டிவைத்த பேட்டரி புயலன்று உதவாது.

ஏழாம் படி: ஒத்திகையும் புயல் நாளும்

வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு, செப்டம்பரில் ஒரு மாலை, மின்வாரியச் சப்ளையின் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு மறுநாள் காலை வரை கட்டடத்தைப் பேட்டரியில் மட்டும் நடத்திப் பாருங்கள். மாலை ஆறு மணிக்கும் நள்ளிரவிலும் காலை ஆறு மணிக்கும் பேட்டரியில் எத்தனை விழுக்காடு மீதமிருந்தது என்று பதிவேட்டில் எழுதுங்கள். முதல் ஆண்டின் எண்களோடு ஒப்பிட்டால் பேட்டரி தளர்வதை அடுத்தடுத்த ஆண்டுகளில் முன்கூட்டியே அறியலாம். கைப்பேசி சார்ஜுக்கு யாருக்கு முன்னுரிமை, மருந்துப் பெட்டிக்கு யார் பொறுப்பு என்பவற்றையும் அன்றே பேசி முடிவு செய்து சுவரில் எழுதி ஒட்டுங்கள். பணம் வாங்கக்கூடாது என்பது அதில் முதல் வரியாக இருக்கட்டும்.

புயல் எச்சரிக்கை வந்ததும், மின்வாரியச் சப்ளை இருக்கும்போதே பேட்டரியை முழுதாக ஏற்றி, மாடித் தொட்டியை நிரப்பி, மாடியில் கிடக்கும் தகரம், கட்டை, பூந்தொட்டி அனைத்தையும் கீழே இறக்குங்கள். பறந்து வரும் பொருளே தகட்டின் முதல் எதிரி. காற்று வலுக்கும் முன் தகடுகளின் நேர்மின்சாரச் சுவிட்சை அணைத்துவிட்டுப் பேட்டரியில் ஓட்டுங்கள். காற்று முழுதாக அடங்கி, பகல் வெளிச்சம் வந்த பிறகே மாடிக்குப் போக வேண்டும். கண்ணாடி உடைந்த தகடோ அறுந்த கம்பியோ தெரிந்தால் ஈரத்தில் சட்டகத்தைத் தொடாமல், சுவிட்சை அணைத்தபடியே விட்டு மின்பணியாளரை வரவழையுங்கள். எல்லாம் சீராக இருந்தால் சுவிட்சைப் போட்டு, முதல் வேலையாக மோட்டாரை ஓட்டித் தொட்டியை நிரப்புங்கள். பகுதி லைன்மேனிடம், இந்தக் கட்டடம் தனித்து இயங்குகிறது, வெளிக்கம்பியோடு தொடர்பில்லை என்று நேரில் சொல்லிவிட்டு, அவர் விரும்பினால் துண்டிப்பு சுவிட்சைத் தாமே சோதித்துப் பார்க்கவும் அழைத்துச் செல்லுங்கள்.